ஒன்ஸ்மோர் கேட்டவள்

இதை எழுத உட்காரும்போதே கூச்சமாக இருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு பேனா பிடித்து எழுதியதெல்லாம் ரேஷன் கடைக்கு ஒரு மனு, வேலைக்கு நாலைந்து லீவு லெட்டர், நாடகப் பாட்டுகளைக் குறித்து வைத்திருக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு, அவ்வளவுதான். நாடகத்தைப் பற்றிச் சொல்ல அதில் நடித்தவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நடந்ததில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன்.

எனக்குக் கோவில்பட்டி. தீப்பெட்டித் தொழிற்சாலையில் பண்டல் கட்டுகிறேன். தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே மிஷின் ஓடும்போது எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்த மாட்டேன். பேப்பர் தீர்ந்துவிட்டால் கையைத் தூக்கிக் காட்டுவேன். பசை தீர்ந்தால் டப்பாவைத் தலைகீழாகப் பிடிப்பேன். இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்க்கிற ஆள் நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடம்பூரில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் நாடகம் என்றார்கள். ஆர்மோனியம், மிருதங்கம் வைத்துப் பாடி நடிக்கிற இசை நாடகம். எங்கள் பக்கத்து ஊர்களில் பெரிய நடிகர்களை வைத்துத்தான் போடுவார்கள். அன்றைக்கு வந்தது சின்னப் பிள்ளைகள் செட். ஒருத்தருக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. ஆர்மோனியக்காரர் ஒருவர்தான் வயதானவர். அவரே எழுதிய கதை. தம்பியைச் சின்ன வயதில் தொலைத்த ராஜா, பல வருடம் கழித்துத் திருடன் என்று பிடித்து வரப்பட்ட ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை சொல்கிறான். சொன்ன பிறகுதான் அவன் தன் தம்பி என்று தெரிகிறது. சொன்ன தீர்ப்பை மாற்றவும் முடியவில்லை.

ராஜா வேடத்தை, அதாவது ராஜபார்ட்டை, ஒரு பெண்பிள்ளை போட்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஒட்டுமீசை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. சரிகைச் சட்டையின் முதுகில் ஊக்கு குத்தியிருந்தது வெளியே தெரிந்தது. இதெல்லாம் அவள் வாயைத் திறக்கும் வரைதான். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த போளிப் பொட்டலம் என் மடியிலேயே ஆறிப்போனதை நாடகம் முடிந்துதான் கவனித்தேன்.

அதிலிருந்து அந்தச் செட் எந்த ஊரில் ஆடினாலும், பஸ் இருந்தால், நான் அங்கே இருப்பேன். ஒவ்வொரு ஊரிலும் என்ன பாட்டு, எந்தக் கட்டையில் பாடினாள் என்று நோட்டில் எழுதுவேன். கட்டை என்றால் சுருதியின் உயரம். கட்டை கூடக்கூடக் குரல் மேலே போக வேண்டும். ஆர்மோனியக்காரரின் விரல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே எனக்கு அது பிடிபட்டது. என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, ரசிகர் மன்றம் ஒன்று ஆரம்பித்துத் தரட்டுமா, தலைவி பொருளாளர் எல்லாம் நீயே இருந்துகொள் என்பார். நான் பஸ் நேரம் பார்ப்பேன்.

அந்தப் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஒருமுறை வேடம் கலைத்துவிட்டு வந்து, "யக்கா, நீங்க எல்லா ஊருக்கும் வாரீங்க, கை மட்டும் தட்ட மாட்டேங்குதீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அது உண்மைதான். எனக்குக் கைதட்டவே கூச்சம். மற்றவர்கள் பாட்டு பிடித்துவிட்டால் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். அப்படிக் கேட்டுவிட்டால் நடிகர் அந்தப் பாட்டைத் திரும்பப் பாடியே ஆக வேண்டும். நானும் மனதுக்குள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வெளியே வந்ததில்லை.

இந்த வருடம் பங்குனியில் அவள் எனக்குப் போன் செய்தாள். குரல் சரியாக இல்லை. நாகலாபுரத்தில் பாடிய தூசி இன்னும் தொண்டையில் இருக்கிறது என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பாவுக்குப் புதூர்ப் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசல். இந்த முறை மக்காச்சோளம் முளைத்த அளவுக்கு விளையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஏஜென்ட் இவளையும் கேட்டிருக்கிறார். அப்பா ஒரு முடிவு சொல்லியிருந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை புதூரைத் தாண்டி ஒரு ஊரில் பங்குனிப் பொங்கல் கோயில் திருவிழாவுக்கு நாடகம். அந்த ஊர் தாம்பூலம் கொடுத்துவிட்டால் அவள் நாடகத்திலேயே இருக்கலாம். கொடுக்காவிட்டால் அந்த வாரமே திருப்பூர்.

அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம். நாடகம் பார்ப்பதில் அந்த ஊர்க்காரர்கள் கறாரானவர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. நாடகம் முடிந்ததும், வேடம் கலைப்பதற்குள், கமிட்டிக்காரர்கள் வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்த தட்டை மேடைக்குக் கொண்டுவந்து ராஜபார்ட் கையில் கொடுப்பார்கள். அடுத்த வருடத் தேதி அப்போதே மைக்கில் சொல்லப்படும். அங்கே தாம்பூலம் வாங்கிய ராஜபார்ட்டுக்கு மற்ற ஊர்கள் தானாகத் தேதி கொடுக்கும். தட்டு வராவிட்டால் அதுவும் எல்லா ஊருக்கும் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டு, பிளாஸ்கில் பனங்கற்கண்டு போட்ட மிளகுத் தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். திரும்பும்போது செட்டின் வேனிலேயே வந்துவிடலாம் என்று ஆர்மோனியக்காரர் சொல்லியிருந்தார். ஊருக்கு வெளியே, கோயிலை ஒட்டி, அறுப்பு முடிந்த காட்டில் மேடை. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெளியூர்க்காரி என்று பார்த்து ஒரு கமிட்டிக்காரர் எனக்கு மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் சேர் போட்டுக் கொடுத்தார். மேடைக்குப் பக்கத்தில் மைக் மேஜையைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். சேரின் ஒரு கால் வெடிப்புக்குள் போய்விடாமல் இருக்க நான் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார வேண்டியிருந்தது. பக்கத்துச் சேரில் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர். அறுபது வயது இருக்கும். வெற்றிலையை அதக்கிக்கொண்டே, யார் எந்த ஊர் என்று என்னிடம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டார்.

பிள்ளையின் அப்பா கூட்டத்துக்குப் பின்னால், நிறுத்தியிருந்த டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. உட்காரச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஆறரைக்கு ஆரம்பம். பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். இப்போதெல்லாம் மைக் செட்டுக்கு அனுமதி அதோடு சரி. சாமி பாட்டு முடிந்து, கோமாளி வேடக்காரன் பபூன் வந்து போய், ராஜபார்ட் வருகைப் பாட்டு. திரை விலகி அவள் வந்தாள். மீசை இந்த முறை ஒழுங்காக ஒட்டியிருந்தது. ஆர்மோனியக்காரரின் விரல் ஐந்து கட்டையில் இருந்தது.

 அந்தப் பாட்டில் மூன்றாவது அடியில் அவள் குரலை ஒரு சுழற்றுச் சுழற்றி மேலே கொண்டுபோய் நிறுத்துவாள். என் நோட்டில் அந்த இடத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த இடத்தைச் சும்மா கடந்து போய்விட்டாள். அடுத்த அடியும் அப்படித்தான். கையை வீசவில்லை, முன்னால் வரவில்லை. பாடம் ஒப்பிப்பது போலப் பாடி முடித்தாள்.

கூட்டத்தில் சத்தமே இல்லை. முன்வரிசைப் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் போன எந்த ஊரிலும் இந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்காமல் இருந்ததில்லை. திரும்பி டிராக்டரைப் பார்த்தேன். அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, திருப்பூர்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. 

அப்போது "ஒன்ஸ்மோர்" என்று ஒரு சத்தம் கேட்டது. யார் என்று திரும்பப் போனேன். முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். சேரின் கால் வெடிப்புக்குள் போய், சேர் பின்னால் சாய்ந்து கிடந்தது.

மேடையில் ஆர்மோனியக்காரர் தலையைத் தூக்கினார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். அவர் விரலை நகர்த்தி வைத்தார். ஐந்தரைக் கட்டை.

இப்போது அவள் அடக்கவில்லை. மூன்றாவது அடியில் சுழற்றி மேலே போய் நின்றாள். கூட்டம் அசைந்து கொடுத்தது. ஒரு பெரியவர் கட்டிய கையைப் பிரித்தார். பாட்டு முடிவதற்குள் பின்னால் இருந்த இளவட்டங்கள் விசில் அடித்து, "ஒன்ஸ்மோர்" என்றார்கள். ஆர்மோனியக்காரர் மறுபடி விரலை நகர்த்தினார். ஆறு கட்டை.

மூன்று வருடத்தில் அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. உட்காரக்கூட மறந்து நின்றேன். கடைசி அடியில் ஒரு இடத்தில் மட்டும், கண் மூடித் திறக்கிற நேரம், குரல் இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஊர் கவனிக்கவில்லை. ஆர்மோனியக்காரர் துருத்தியை அமுக்கி அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த பெண்மணி என் சேரைத் தூக்கி வைத்து, என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"ஏ தாயி, வாயே இல்லாதவ மாதிரி இருந்த, பெரிய வேலையாப் பாத்துட்டியே."

என்ன வேலை என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல ஒன்ஸ்மோர் கேட்டா அரைக்கட்டை ஏத்திப் பாடணும்லா. அதே கட்டையில திரும்பப் பாடுததுக்கு எதுக்கு ஒன்ஸ்மோரு? அதான் நாங்க லேசுல வாயைத் தொறக்க மாட்டோம். நீ வந்து தொறந்து விட்டுட்ட. இந்தப் பயலுவளுக்குக் கேக்கணுமா, பின்னாலயே பிடிச்சுக்கிட்டானுவ."

 எத்தனையோ ஊர் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை. என் நோட்டிலும் இல்லை.

அதற்குப் பிறகு நாடகத்தை நான் பார்க்கவில்லை, அவள் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த காட்சியில் வசனத்தைச் சுருக்கினாள். அதற்கடுத்த பாட்டில் முதல் அடியை மட்டும் பாடினாள். மீதியை ஆர்மோனியக்காரர் பின்பாட்டாக எடுத்துக்கொண்டார். அவள் கையையும் கண்ணையும் வைத்தே சமாளித்தாள். ஒரு பாட்டு என்றால் சரி. மூன்றாவது பாட்டிலும் அப்படியே நடந்ததும் பின்னால் இருந்து ஒருவன், "ஆர்மோனியத்துக்குக் கிரீடத்தை வைங்கடே" என்று சொன்னான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. முன்வரிசைப் பெரியவர் மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்.

எல்லோருக்கும் கடைசிப் பாட்டு பாக்கி இருந்தது. தம்பி என்று தெரிந்த பிறகு ராஜா பாடுகிற பாட்டு. கதையே அதற்காகத்தான். அதில் பின்பாட்டுக்கு இடம் இல்லை. ராஜபார்ட் தனியாக நின்று பாட வேண்டும்.

ஒன்பது மணி சுமாருக்கு பபூன் மிருதங்கக்காரரோடு வாயடித்துச் சிரிக்க வைக்கிற காட்சி வந்தது. நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். தார்ப்பாய் மறைப்பு. ஒரு பல்ப். ஆர்மோனியக்காரர் வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எப்படி இருக்கும்? தொண்டை சரியில்லன்னு தெரிஞ்சுதான படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். மொதப் பாட்டை அடக்கிப் பாடு, இந்த ஊர்ல ஒன்ஸ்மோர் வந்துறக் கூடாது, இருக்க தொண்டைய கடைசிப் பாட்டுக்கு வச்சுக்கோன்னு. அந்தப் பிள்ளையும் அப்படித்தான் பாடுச்சு. எவ அவ, சும்மா கெடந்த ஊரை எழுப்பி விட்டவ?"

அவர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் விளக்கு நேராகக் கண்ணில் அடித்ததால் நான் எழுந்து நின்றது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையில் கூப்பிட, அவர் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை தகரப் பெட்டி மேல் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தாள். மிளகுத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். மீசை நனையாமல் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். விழுங்கும்போது கண்ணைச் சுருக்கினாள்.

"நான்தாம்மா கேட்டேன்" என்றேன். "உனக்கு யாருமே கேக்கலையேன்னு பயந்து கேட்டுட்டேன். நீ வேணும்னுதான் அடக்கிப் பாடுதன்னு எனக்குத் தெரியாது."

அவள் பெட்டி மேல் இருந்த போனை எடுத்து டைப் செய்து என்னிடம் காட்டினாள். தெரியும் அக்கா, எந்திரிச்சு நின்ன ஒரே ஆளு நீங்கதான் என்று இருந்தது. எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் போனை வாங்கி இன்னொன்று டைப் செய்தாள். கடைசிப் பாட்டுக்கு யாரும் ஒன்ஸ்மோர் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு தடவைதான் வரும், அதுவும் வருமா தெரியாது என்று எழுதியிருந்தாள்.

வாழ்நாளில் இருபது பேரிடம் முகம் பார்த்துப் பேசாதவளிடம் ஒரு ஊரின் வாயை மூடச் சொல்கிறாள். முடியாது என்று சொல்ல எனக்கு அன்றைக்கு உரிமை இல்லை.

மைக் மேஜைக்குப் போய், சேர் போட்டுத் தந்த அந்தக் கமிட்டிக்காரர் பக்கத்தில் நின்றேன். அவராகத் திரும்பிப் பார்க்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிள்ளைக்குத் தொண்டை முடியவில்லை, கடைசிப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை மைக்கில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள்தானே முதலில் கேட்டது என்றார். நான்தான் என்றேன். வெளியூர்க்காரி, வழக்கம் தெரியாது என்றேன். ஒன்ஸ்மோரில் உள்ளூர் வெளியூர் என்று கிடையாது, கேட்டால் கேட்டதுதான், ராஜபார்ட்டுக்குத் தொண்டை இல்லை என்று மைக்கில் சொன்னால் பிறகு கமிட்டியில் தட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் இடத்துக்கு வந்தேன். பக்கத்துப் பெண்மணி, எங்கே போய்த் தொலைந்தாய், பபூனைப் பார்க்காமல் விட்டுவிட்டாய் என்றார். வேறு வழி இல்லாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாம்பூலம், திருப்பூர், டிராக்டரில் சாய்ந்து நிற்கிற அப்பா, எல்லாம். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். உட்காரவில்லை. நேராக இளவட்டங்கள் நின்ற பக்கம் போனார். அவர் பேசியது எங்கள் வரிசை வரை கேட்டது.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோங்க. கடைசிப் பாட்டுக்கு எவனாவது வாயைத் தொறந்தீங்கன்னா, நாளைக்கு உங்க மேல மஞ்சத் தண்ணி ஊத்த ஒரு பொட்டப்பிள்ள வர மாட்டா. நான் வீடு வீடாப் போயிச் சொல்லிருவேன்."

மறுநாள் மஞ்சள் நீராட்டு. முறைப்பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்ற விரட்டுகிற அந்த ஒரு நாளுக்காகச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் லீவு போட்டு வந்த பையன்கள் அவர்கள். ஒருவன், "பெரியம்மா, விசில் மட்டும்?" என்றான். அதுவும் கூடாது என்றார்.

கடைசிக் காட்சி. கை கட்டப்பட்ட தம்பி நிற்கிறான். சின்ன வயதில் அவன் கழுத்தில் கட்டிய தாயத்தை ராஜா பார்க்கிறான். வசனம் முடிந்தது. ஆர்மோனியக்காரர் நாலு கட்டையில் விரலை வைத்தார். அவளைக் காப்பாற்றத்தான் இறக்கி வைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. முன்வரிசைப் பெரியவருக்கும் தெரிந்தது. அவர் பக்கத்து ஆளிடம் நாலு விரலைக் காட்டினார். அவளும் அதைப் பார்த்துவிட்டாள். தலையை ஆட்டி, ஆர்மோனியக்காரரைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்தாள். அவர் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அவள் விரலை மடக்கவில்லை. அவர் ஐந்துக்கு மாற்றினார்.

முதல் அடி வந்துவிட்டது. நான் என் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடியின் நடுவில் குரல் கிழிந்து, காற்றாகப் போய், நின்றுவிட்டது. ஆர்மோனியம் மட்டும் கொஞ்ச தூரம் போய்விட்டு அதுவும் நின்றது. மைக்கில் அவள் மூச்சு கேட்டது. டிராக்டர் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

அவள் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். நாடகத்தில் அப்படிக் கிடையாது. மைக்குக்குக் கிட்டே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, மூணு கட்டை வைங்க."

அந்த ஊரில் ராஜபார்ட் வேடம் போட்ட யாரும் மைக்கில் கட்டையை இறக்கச் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பின்னால் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான், யாரோ அவனை அடக்கினார்கள். ஆர்மோனியக்காரர் மூன்றில் வைத்தார்.

அவள் பாடினாள் என்று சொல்ல முடியாது. பாதி பாட்டு, பாதி பேச்சு. கரகரத்த குரல். சுழற்று ஒன்றும் இல்லை, ஏற்றம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு எழுத்தும் தெரியும். ஆனால் இத்தனை நாளும் நான் அதில் கட்டையைத்தான் கேட்டிருக்கிறேன். தன் வாயால் சொன்னதைத் திரும்பப் பெற முடியாமல் ஒரு ஆள் நிற்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் காதில் விழுந்தது. என் நிலைமையும் அப்போது அதுதான் என்பதால் இருக்கலாம்.

பாட்டு முடிந்தது. ஒன்ஸ்மோர் இல்லை. விசில் இல்லை. கைதட்டலும் இல்லை. மஞ்சள் தண்ணீருக்குப் பயந்தா, பாட்டு பிடித்தா, பிடிக்காமலா என்று யார் முகத்தைப் பார்த்தும் எனக்குச் சொல்ல முடியவில்லை. மணி பத்து ஆகப் பத்து நிமிடம்.

கமிட்டிக்காரர்கள் மேடைக்குப் பக்கவாட்டில் கூடினார்கள். தட்டு ஒருவர் கையில் இருந்தது. தேங்காய், வெற்றிலை, எல்லாம் இருந்தது. அவள் மேடையிலேயே நின்றாள். கிரீடம் இன்னும் தரையில். முன்வரிசைப் பெரியவர் மூன்று விரலைக் காட்டிக் காட்டிப் பேசினார். மைக் மேஜைக்காரர் அவருக்கு என்னவோ பதில் சொன்னார். பக்கத்துப் பெண்மணி கூப்பிடாமலே போய் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டார். நானும் போய், தப்பு என்னுடையது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த வாய் அவ்வளவும் தீர்ந்துவிட்டது.

கடைசியில் மைக் மேஜைக்காரர் மைக்கைப் பிடித்தார். செட்டில் எல்லோருக்கும் துண்டு போர்த்தி மரியாதை செய்யப்படும் என்றார். "தாம்பூலம் விசயம் நாளைக்கு மஞ்சத்தண்ணி முடிஞ்சு கமிட்டி பேசிச் சொல்லும்" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார்கள். அந்த ஊரில் தாம்பூலத்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்ததும் அதுதான் முதல் தடவையாம்.

வேனில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு மீசையின் பசையைத் தேய்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள். அவள் அப்பா முன்சீட்டில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு. அவர்கள் ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் திரும்பினார்.

"கோயில்பட்டியில தொண்டைக்குப் பாக்குத டாக்டர் எங்கன இருக்காவ?"

எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியின் வழியைச் சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன், அவருக்குக் கேட்டுவிட்டது. அவர்கள் இறங்கிய பிறகு ஆர்மோனியக்காரரிடம், முதலில் கேட்டது நான்தான் என்று சொன்னேன்.  அவர், அடுத்த நாடகத்துக்கு வரும்போது அந்தப் பிளாஸ்கைக் கொஞ்சம் பெரியதாக எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் புதன்கிழமை நான் வழக்கம்போல ஏழு மணிக்கு ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் ஆர்மோனியக்காரர் போன் செய்தார். மைக் மேஜைக்காரர் மேலெல்லாம் மஞ்சளோடு பைக்கில் வந்து, பிள்ளையின் வீட்டில் தாம்பூலம் கொடுத்துவிட்டுப் போனாராம். தேதி அடுத்த பங்குனி. திருப்பூர் ஏஜென்ட்டிடம், அவள் வரவில்லை என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். டாக்டர் ஒரு மாதம் பேசவே கூடாது என்று சொல்லியிருப்பதால், சித்திரையில் இருந்த மூன்று நாடகங்கள் வேறு செட்டுக்குப் போய்விட்டன.